முதல் கரண்டி சீச்சீ அக்காவுக்கு

அவளுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. யார் வைத்திருந்தாலும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். சீச்சீ அக்கா. ராமென் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க அவள் பேசுகிற பேச்சில் பாதி 'சீ', மீதி 'கருமம்'. மூக்கை உறிஞ்சுகிறவனுக்கு ஒரு சீ. விரலை நக்கிவிட்டு அதே விரலால் போனைத் தடவுகிறவளுக்கு இரண்டு சீ. பல்லிடுக்கில் சிக்கிய வெங்காயத்தாளை நகத்தால் நோண்டி எடுத்து, அதை ஒரு தடவை உற்றுப் பார்த்து, மறுபடி வாயிலேயே போட்டுக்கொள்கிற மகானுபாவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சொல்ல அவளிடமும் வார்த்தை கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அண்டாவைக் கிண்டுவாள்.

கடை ஒடுக்கமானது. ஒரு பக்கம் செல்போன் ரிப்பேர், இன்னொரு பக்கம் நகத்துக்குச் சாயம் பூசுகிற கடை, எதிரே மாடியில் உடற்பயிற்சிக் கூடம். அங்கிருந்து எப்போதும் தடதடவென்று பாட்டுச் சத்தம் வரும். வாசலில் டோக்கன் வாங்கி உள்ளே வந்தால் நீளமாக ஒரே ஒரு கவுண்டர், அதை ஒட்டி வரிசையாக ஸ்டூல்கள். மேசை கிடையாது, மறைப்பு கிடையாது. சாப்பிடுகிறவன் முகமும் சமைக்கிறவள் முகமும் கைக்கெட்டும் தூரத்தில் எதிரும் புதிருமாக இருக்கும். அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்தாலே குடலைப் புரட்டுகிற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதுவும் ராமென்! சூப்பில் மிதக்கிற ஜப்பான் நூடுல்ஸ். சத்தம் போட்டே தின்கிற தீனி. சர்ர்ரென்று இழுக்கிறார்கள். நூடுல்ஸ் முகவாயில் அடிக்கிறது, சூப்பு மூக்கு நுனியில் தெறிக்கிறது, கொழுப்பு உதட்டில் பளபளக்கிறது. வரிசையாக எட்டு வாய் ஒரே நேரத்தில் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய எருமைத் தோல் வேண்டும். அக்காவுக்கு வாழைப்பழத் தோல்கூடக் கிடையாது.

பிறவியிலேயே அப்படித்தான். சின்ன வயதில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே டம்ளர். அவள் தாகத்தோடு படுப்பாளே தவிர அந்த டம்ளரில் வாய் வைக்கமாட்டாள். "எந்த ராஜா வீட்டுல பொறக்க வேண்டியதோ, வழி தவறி இங்க வந்து பொறந்துடுச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். கல்யாணமானது. வந்தவர் நல்ல மனுஷன். குடி இல்லை, கை நீட்டுகிற பழக்கம் இல்லை. ஆனால் வாயை மூடி மெல்லத் தெரியாது. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் இவள் அடுப்படியில் சுவரைப் பார்த்து நிற்பாள். அவர் மாரடைப்பில் போனபோது நெஞ்சு வெடிக்க அழுதாள். அடுத்த வாரம் முதல் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டும் நிஜம்.

அப்போதுதான் தம்பி வந்தான். பல வருஷம் வேறொருவர் ராமென் கடையில் நூடுல்ஸ் வடித்துத் தொழில் கற்றுக்கொண்டவன். சொந்தமாகக் கடை போடப் போகிறேன் என்றான்.

"அக்கா, உன் மூக்கு எனக்கு வேணும்."

"எதுக்குடா, சூப்புல போடவா?"

"விளையாடாதக்கா. இந்தத் தொழில்ல எல்லாமே அந்த எலும்புச் சாறுதான். அது கொஞ்சம் கெட்டாலும் கண்டுபிடிக்கிற மூக்கு உனக்குத்தான் இருக்கு."

"ஊரார் எச்சில் கிண்ணத்தக் கழுவ நான் வரமாட்டேன், போ."

"எச்சில் கிண்ணம் உன் பக்கமே வராது. சத்தியம். அண்டா உன்னோடது. தின்ன கிண்ணம் என்னோடது."

சத்தியம் என்று கையில் அடித்துச் சொன்னான். அவளும் நம்பினாள். தம்பியாயிற்றே! தன் இடுப்பில் வளர்ந்தவன்.

கடையில் வேலை அப்படித்தான் பிரிந்தது. சாப்பிட்டவர்கள் கிண்ணத்தைத் தூக்கிக் கவுண்டர் மேலுள்ள பலகையில் வைத்துவிட்டுப் போவார்கள். தம்பி அதை எடுத்துப் பின்னறைக்குக் கொண்டுபோவான். கழுவும் தொட்டியும் இயந்திரமும் அங்கேதான். அக்கா அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். அவள் உலகம் அண்டா. பன்றி எலும்பும் கோழிக்காலும் இஞ்சியும் போட்டு, பால் நிறம் வரும்வரை கொதிக்க வைக்கவேண்டும். அந்த அண்டாவை முழுக்கக் காலி செய்கிற வழக்கம் கிடையாது. இன்று மிஞ்சிய சாறுதான் நாளைக்கு அடிச்சாறு. அதன் மேல்தான் புது எலும்பு விழும். அதனால் தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் மோந்து பார்த்து, ருசி பார்த்து, பழசு நன்றாக இருக்கிறதா என்று அவள் தீர்ப்புச் சொல்லவேண்டும். மேலாக அள்ளினால் பொய்தான் சொல்லும், அடியிலிருந்து அள்ளினால்தான் உண்மை தெரியும் என்பது அவள் கட்சி. அடிவரை கரண்டியை விட்டு அள்ளி, தனியே சுடவைத்து, தன் சொந்தக் கிண்ணியில் ஊற்றி, ஊதி, ஒரே மடக்கு. வேறு யாரும் தொடாத கிண்ணி அது. துணியில் சுற்றித் தன் பையில் வைத்திருப்பாள்.

உலகத்தில் எதையும் நம்பாத அந்தப் பொம்பளை, நம்பி விழுங்கிய ஒரே பண்டம் அந்தச் சாறு. ஏனென்றால் அது அவள் கைவேலை. அதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

கர்வத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. அவளுக்கு ஒரே மகள். இதே தெருவில் துணிக்கடையில் வேலை. மருமகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில். மகள் வாயும் வயிறுமாக ஆனாள். ஆனது முதல் வாந்தி. மூன்று மாதத்தில் நின்றுவிடும் என்றார்கள், நிற்கவில்லை. சோறு நிற்காது, ரொட்டி நிற்காது, பழம் நிற்காது, தண்ணீர்கூடப் பாதி திரும்பி வரும். பெண் துரும்பாக இளைத்துவிட்டாள். "எடை இப்படியே இறங்கினா குழந்தைக்கு ஆபத்து. ஏதாவது ஒண்ணு உள்ளே தங்கணும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரு நாள் வாடிப்போய்க் கடைக்கு வந்து கடைசி ஸ்டூலில் சாய்ந்தவளுக்கு மாமன்காரன் அரை மணி காக்க வைத்து, பின்னாலிருந்து ஒரு கிண்ணம் சூப்பு கொண்டுவந்து கொடுத்தான். குடித்தாள். நின்றது! அன்று முதல் மதிய உணவு வேளையில் பின்வாசல் வழியாக வருவாள். மாமனே பின்னடுப்பில் ஒரு சின்னக் குண்டானில் சுடவைத்து, கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுப்பான். அக்காவை விடமாட்டான்.

"நீ இரு, அக்கா. பாப்பாவுக்கு நான் பாத்துக்கறேன். உப்பு, கொழுப்பு எல்லாம் குறைச்சுத் தரணும்ல."

தாய்மாமன் பாசம் என்று அக்காவுக்கு மனசு குளிர்ந்தது. அதோடு, ஊரில் எந்தச் சாப்பாடும் தங்காத வயிற்றில் என் சாறு தங்குகிறதே என்று நினைத்து நினைத்துப் பூரித்தாள்.

கடைக்கும் நல்ல காலம். யாரோ ஒரு பெண் வந்து சூப்பைப் படம் பிடித்து, "இதுல ஒரு ஆழம் இருக்கு, சொல்லத் தெரியல" என்று போனில் பேசிப் போட்டாள். வாசலில் வரிசை நகக்கடை தாண்டி நின்றது. முன்பெல்லாம் மதியமே சாறு தீர்ந்து வந்தவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள். இப்போது எவ்வளவு கூட்டம் வந்தாலும் தாங்கியது. அக்காவுக்கே ஆச்சரியம். நான் போடுகிற எலும்பு அதே எலும்பு, சாறு மட்டும் எப்படி வளர்கிறது? கை ராசி என்று நினைத்துக்கொண்டாள். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் தம்பி, "கால் வீங்கிக் கிடக்கு பார், போய்க் கொஞ்சம் சாயுக்கா. அண்டாவ நான் பாத்துக்கறேன்" என்று அவளைச் சாமான் அறைப் பெஞ்சுக்கு அனுப்பிவிடுவான். அவளும் போய்ச் சாய்வாள். அக்கறை அக்கறை என்று ஒவ்வொன்றாக வந்து விழும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஒன்றே ஒன்றைத்தான் கவனித்திருக்கவேண்டும். தம்பி சூப்பு குடிப்பதை நிறுத்திவிட்டான். முன்பு தினம் இரண்டு கிண்ணம் போடுகிறவன், இப்போது வாசலில் பன்னும் டீயும் வாங்கித் தின்றான். கேட்டால், "ஆசிட்டுக்கா, நெஞ்சு எரியுது" என்றான். சமைக்கிறவன் தன் சமையலைத் தொடாமல் பக்கத்துக் கடையில் பன் தின்றால் அதற்கு நெஞ்செரிச்சல் ஒன்றுதானா காரணம்? நமக்குத் தோன்றுகிறது. அவளுக்குத் தோன்றவில்லை. உடன்பிறப்பு.

இப்படி இருக்கும்போதுதான் பூட்டுக்காரரின் பல் தொலைந்தது.

பூட்டுக்காரர் தெருமுனையில் சாவி செய்து கொடுப்பவர். தினமும் வரிசையில் முதல் ஆள், முதல் ஸ்டூல். அக்காவிடம் அதிகம் சீ வாங்கியவர் என்ற பெருமையும் அவருக்குத்தான். ஏனென்றால் கிண்ணத்துக்குள்ளேயே இருமுவார். அன்று மதியம் சாப்பிட்டுப் போனவர், கூட்டம் ஓய்ந்து அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வருகிற நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கா, கடைவாய்ப் பல்லுக்குக் கேப்பு போட்டிருந்தேன். காணோம்! உங்க கிண்ணத்துலதான் விழுந்திருக்கணும்."

"கருமம்! பல்லக்கூடவா விட்டுட்டுப் போவீங்க?"

"புதுசுக்கா. ஒரு மாசம்கூட ஆகல."

மனுஷன் அழாத குறை. தம்பி குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். கழுவுகிற பக்கம் அவன் பார்த்துவிட்டானாம், இல்லையாம், இதில்தான் இருக்குமாம். பூட்டுக்காரருக்குக் கிட்டப் பார்வை சரியில்லை. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கையுறைமேல் கையுறை போட்டு, மூக்கில் துணியைக் கட்டி, ஊரார் மென்று போட்ட நூடுல்ஸையும் கடித்துப் போட்ட முட்டையையும் கையால் அளைந்து அளைந்து தேடினாள். தம்பி பக்கத்தில் நின்று டார்ச் அடித்தான். ஆமாம், டார்ச் அடித்தான்! அந்த வெளிச்சத்தைப் பிடித்திருந்த கைக்கு அந்தப் பல் எங்கே போயிற்று என்று நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை அக்கா கடையைத் திறந்து, கையைக் கழுவி, கிண்ணியைத் துணியிலிருந்து எடுத்தாள். அண்டா மூடியைத் திறந்து மோந்தாள். நல்ல வாசனைதான். அடிவரை கரண்டியை விட்டு அள்ளி, சுடவைத்து, கிண்ணியில் ஊற்றி, ஒரே மடக்கு. சாறு தொண்டையில் இறங்கியது. நாக்கில் ஏதோ நின்றது. எலும்புத் துணுக்கு என்று நினைத்தாள். நாக்கால் உருட்டினாள். வழவழவென்று இருந்தது. கடித்துப் பார்த்தாள். கடிபடவில்லை. உள்ளங்கையில் எடுத்து விளக்கடியில் பிடித்தாள்.

பல்.

வெள்ளை வெளேரென்று, மேலே பள்ளம் மேடு எல்லாம் செதுக்கி, உள்ளே ஒட்டுப் பசை மஞ்சளாகக் காய்ந்திருந்த பூட்டுக்காரரின் கடைவாய்ப் பல்.

எங்கே வாந்தி எடுத்தாள், எவ்வளவு எடுத்தாள் என்பதெல்லாம் வேண்டாம். எடுத்தாள். குடலே வெளியே வந்து விழுந்துவிடும்போல எடுத்தாள். உப்பை அள்ளிப் போட்டு வாயைத் தேய்த்தாள், எலுமிச்சையைக் கடித்தாள், சோப்பை நாக்கில் வைத்தாள். போகவில்லை. எப்படிப் போகும்? வாயிலா இருக்கிறது அது? வயிற்றிலல்லவா இருக்கிறது, இத்தனை மாதமாக! சாப்பிட்ட கிண்ணம் போகிற இடம் பின்னறை. அண்டா இருக்கிற இடம் முன்னே. நடுவில் சுவர். ஊற்றினால்தான் பல் இங்கே வரும். மதியம் பெஞ்சுக்கு அனுப்பியது, சாறு வளர்ந்தது, டீக்கடைப் பன், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. அந்தப் பெண் போனில் சொன்ன 'ஆழம்' எது என்றும் புரிந்தது. எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டான் என்று கஞ்சனைச் சொல்வார்கள். அந்தக் கஞ்சன் எவ்வளவோ தேவலை. அவன் எச்சிலைத் தன் கையோடு வைத்துக்கொண்டான். ஊருக்கு ஊற்றிக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் மகள் ஞாபகம் வந்தது. வயிற்றில் பிள்ளையோடு, இது ஒன்றுதான் தங்குகிறது என்று தினமும் வந்து குடிக்கிறாளே! இருமுகிறவன், புண்ணுள்ளவன், என்னென்ன வியாதிக்காரனோ, அத்தனை பேர் வாயில் பட்டது அந்தப் பச்சை வயிற்றுக்குள்ளே போயிருக்கிறது. மகளுக்குப் போன் போட்டாள். துணிக்கடையில் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

தம்பி முட்டை அட்டைகளோடு பின்வாசல் வழியாக வந்தான்.

"என்னக்கா, முகம் வெளிறிக் கிடக்கு?"

அக்கா அண்டாவிலிருந்து ஒரு கிண்ணம் நிறைய அள்ளிக் கவுண்டரில் வைத்தாள்.

"குடி."

"எனக்குத்தான் ஆசிட்டுன்னு தெரியும்ல."

"ஒரு வாய்."

"வேணாம்க்கா."

"அக்கா ஆசையா ஊத்தித் தரேன். ஒரே ஒரு வாய் குடிடா."

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"கை தவறி விழுந்திருக்கும்..." என்று ஆரம்பித்தான்.

"யார் கை? கிண்ணம் எங்க போகுது, அண்டா எங்க இருக்கு? பல்லுக்குக் கால் முளைச்சு நடந்து வந்துச்சா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்குக்கூட ஒரு கட்டத்தில் கை ஓய்ந்துவிடும். முட்டை அட்டையை வைத்துவிட்டுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"பாதிப் பேர் பாதிக் கிண்ணம் வச்சுட்டுப் போறாங்கக்கா. நல்ல சாறு. சாக்கடைல ஊத்த மனசு வரல. சாறு தீர்ந்து போச்சுன்னு சொன்னா வாசல்ல நிக்கறவன் கண்டபடி திட்டறான். வடிகட்டித்தான் ஊத்தினேன்."

"எதுல வடிகட்டின?"

"நூடுல்ஸ் வடிக்கிற கூடைலதான்."

"அந்தக் கூடை ஓட்டைல என் விரலே போகுமேடா!"

"கொதிக்குதுல்லக்கா. கொதிச்சா எல்லாம் செத்துடும்."

"செத்துடுச்சுதான். உன் வெக்கம் மானம் எல்லாம் வெந்து செத்துப் போச்சு. த்தூ!"

மகளைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அந்த எச்சிலோடு சேர்த்து மகளை நினைக்கவே உடம்பு கூசியது, நாக்கு எழவில்லை. அதற்குள் வெளியே ஷட்டரைத் தட்டினார்கள். வரிசை வந்துவிட்டது. தம்பி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுக்கா. நாளைலருந்து சத்தியமா நிறுத்திடறேன்."

சத்தியம்! மறுபடியும் சத்தியம்! அவன் ஷட்டரைத் தூக்கப் போன நேரத்தில் அக்கா பின்னறைக்குள் போனாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவக் கேன் ஒன்று அங்கே இருந்தது. தூக்கிவந்தாள். மூடியைத் திறந்து அண்டாவில் கவிழ்த்தாள். கடகடவென்று இறங்கியது. கிண்டினாள். நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி அடுப்பு மேல் வழிந்தது.

முதல் ஸ்டூலில் பூட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். "அக்கா, என் பல்லு ஏதாவது..."

அவள் ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, கிடைச்சிடுச்சா! எங்கக்கா இருந்துச்சு?"

"என் வாய்ல."

அவர் சிரித்தார். பக்கத்து ஸ்டூல்காரனும் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வாசல்வரை கேட்கிற குரலில், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நீங்கள் மிச்சம் வைத்ததை நீங்களே குடித்தீர்கள், நானும் குடித்தேன் என்றாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடைக்கு ஓடினாள். ஒருவன் தம்பியின் சட்டையைப் பிடித்தான். இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். கூச்சலுக்கு நடுவே வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல்:

"அப்ப இன்னிக்கு சூப்பு கிடையாதா? நாளைக்காவது உண்டா?"

கேட்டவனை அவள் நிமிர்ந்து பார்த்தாள். தம்பியைப் பார்த்து வந்த குமட்டலில் ஒரு சொட்டுக்கூட இதில் குறையவில்லை. பூட்டுக்காரரோ பல்லைச் சட்டையில் நன்றாகத் துடைத்து, விளக்கில் பிடித்துப் பார்த்து, "கழுவிட்டு ஒட்டிக்கலாம்" என்று பையில் போட்டுக்கொண்டார். சீச்சீ சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எல்லாரையும் வெளியே தள்ளி ஷட்டரை இழுத்து விடுவதற்குள் மதியமாகிவிட்டது.

திரும்பினால், கடைசி ஸ்டூலில் மகள். பின்வாசல் வழியாக எப்போது வந்தாளோ! கூட்டத்திலிருந்து நழுவி வந்த மாமன்காரன் வழக்கம்போலக் கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டான். கரண்டி உதடுவரை போய்விட்டது.

"தொடாதடி!"

பாய்ந்துபோய்க் கையைத் தட்டிவிட்டாள். கிண்ணம் உருண்டு சூப்பு தரையெல்லாம் ஓடியது. மகள் வெலவெலத்துப் போய் அழ ஆரம்பித்தாள்.

"துப்பு! வாய்ல இருக்கறத துப்புடி!"

"அக்கா, அக்கா! அது வேறக்கா!" தம்பி நடுவில் வந்து விழுந்தான். "அதுல எதுவும் கலக்கல. அது தனி."

"உன் பேச்ச இனிமே நம்புவேனா?"

அவன் பின்னடுப்பிலிருந்த குண்டானை அப்படியே தூக்கினான். விளிம்பில் வாய் வைத்து மடக் மடக்கென்று குடித்தான். சற்று முன்னால் அண்டாச் சூப்பை ஒரு வாய் குடிக்க மறுத்தவன், இதைச் சூடு பார்க்காமல் குடித்தான்.

"பாப்பாவுக்குன்னு நீ பெஞ்சுல சாயற நேரத்துல நான் தனியா காய்ச்சறதுக்கா. கோழி எலும்பு மட்டும் போட்டு. முதல் நாள்லருந்தே. அண்டாவிலருந்து ஒரு சொட்டுகூட அவளுக்குக் கொடுத்ததில்ல."

அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் தப்பித்தாள், பிள்ளை தப்பித்தது. போதும் என்று மூச்சை விட்டாள். மகள் வயிற்றில் தங்கியது தன் சாறு இல்லை என்பதும் உறைத்தது. போகட்டும், அதனால் என்ன? ஆனால் மூச்சு இறங்க இறங்க இன்னொன்று மேலே வந்தது. முதல் நாளிலிருந்தே என்கிறான்.

"அவளுக்குத் தனியா வச்சே. நீயும் வாய் வைக்கல. சரி. தினம் காலைல நான் முதல் கரண்டி குடிக்கறேனே, அங்க நின்னு பார்த்துட்டுத்தானடா இருப்பே?"

அவன் தலை குனிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை ஏன்டா சொல்லல?"

"நீ துப்பிடுவேன்னு நெனச்சேன்க்கா" என்றான். அன்று அவன் சொன்னதில் அதுதான் கலப்படமில்லாத உண்மை. "எல்லாத்துக்கும் சீச்சீன்னு சொல்ற ஆளு. ருசி பார்த்துட்டுத் துப்பிடுவேன்னுதான் நெனச்சேன்."

கூடப் பிறந்தவன். பக்கத்திலேயே நின்றவன். அவள் விழுங்குகிறாளா, துப்புகிறாளா என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

அக்கா எழுந்தாள். அண்டாவிடம் போனாள். அடிவயிற்றிலிருந்து காறி, நுரைக்கு நடுவில் துப்பினாள்.

"ஊர்ல எல்லார் எச்சிலும் இதுல இருக்கு. என்னோடதுதான் குறைச்சல். இப்ப சரியாப் போச்சா?"

மகள் விசும்பலுக்கு நடுவில், "மாமா, இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றாள். பசி அப்படி. காலையிலிருந்து எதுவும் தங்கவில்லை.

குண்டானில் அடியில் கொஞ்சம் இருந்தது. "அவன் வாய் வச்சுட்டான்டி" என்றாள் அக்கா.

"பரவாயில்லம்மா."

மகள் அதை வாங்கி, அதே விளிம்பில் வாய் வைத்து, சர்ரென்று சத்தம் போட்டுக் குடித்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசிச் சொட்டு இறங்குகிற வரைக்கும் பார்த்தாள். தங்குமா என்று பார்த்தாள். தங்கியது. அப்புறம் கிண்ணியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, தம்பி முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"கோழி எலும்பு எவ்வளவு போடுவே? எவ்வளவு நேரம் வேகணும்?"

அவன் சொன்னான். அக்காவும் தம்பியும் பேசியது அதோடு சரி. கடை ஷட்டர் அப்புறம் தூக்கப்படவே இல்லை. இப்போது அந்த இடத்தில் செருப்புக் கடை.

மகளுக்கு வேண்டிய சாறு வீட்டில்தான் காய்கிறது. தினமும் காலையில் அடியிலிருந்து அள்ளி, தன் கிண்ணியில் ஊற்றி, ஊதி, முதல் கரண்டி அக்காதான் பார்க்கிறாள். எலும்பு அவளே வாங்கியது, அடுப்பு அவளுடையது, வேறு யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. இருந்தாலும் ருசி பார்த்துவிட்டு, தொட்டிக்குப் போய்த் துப்பிவிடுகிறாள்.